கோஃபர் மெனுக் கோப்பு: கையால் எழுதுவதா, சர்வரிடம் விடுவதா, விரிதாளில் தயாரிப்பதா?

காரைக்குடிக்கு அருகில் ஓர் ஊரில் இயங்கும் சிறிய வாசகசாலை தன் சேகரிப்பை, ஆவணங்களை மெனுக்களாக அடுக்கி இணையத்தில் தரும் கோஃபர் சர்வர் ஒன்றில் வைக்க முடிவு செய்திருக்கிறது. சேகரிப்பு பெரிதன்று. குடமுழுக்கு மலர்களிலிருந்து தட்டெழுதிய கட்டுரைகள், திருமண வாழ்த்து மடல்கள், பழைய வீடுகளின் முகப்பையும் வளவையும் இரண்டாங்கட்டையும் காட்டும் புகைப்படங்கள், ஆச்சிமார் சொல்லக் கேட்டு எழுதிவைத்த பலகாரக் குறிப்புகள், சில ஒலிப்பதிவுகள் ஆகியவையே அதில் உள்ளன. சர்வரை எங்கே வைப்பது என்ற பேச்சு விரைவில் முடிந்துவிட்டது. வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றுக்குப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை என்பதால், மாத வாடகைக்கு ஒரு சிறு சர்வரை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. முடியாமல் நின்றது மெனுக் கோப்புகளை எந்த முறையில் எழுதுவது என்பதுதான். அதற்கு உள்ள வழிகளை ஒப்பிட்டு, இந்த வாசகசாலைக்கு எது பொருந்தும் என்று சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

கோஃபர் 1991இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்காஹில் தலைமையிலான குழு உருவாக்கிய நெறிமுறை. 1993 மார்ச்சில் ஆர்எஃப்சி 1436 என்ற இணைய வரையறை ஆவணமாக அது வெளியானது. கிளையண்ட், அதாவது வாசகர் பக்கத்தில் ஓடும் மென்பொருள், 70ஆம் எண் போர்ட்டில் (சர்வரின் தொடர்பு வாயிலில்) சர்வரை அணுகி ஒரே ஒரு வரியை அனுப்புகிறது. அந்த வரிக்குச் செலக்டர் என்று பெயர். வெற்று வரியை அனுப்பினால் முதன்மை மெனு வரும். மெனுவின் ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து அது எவ்வகைப் பொருள் என்பதைச் சொல்லும்: 0 என்றால் உரை, 1 என்றால் இன்னொரு மெனு, 7 என்றால் தேடல், 9 என்றால் இருமக் கோப்பு. அதை ஒட்டியே வாசகருக்குத் தெரியும் தலைப்பும், பிறகு ஒரு டேப் விட்டுச் செலக்டரும், இன்னொரு டேப் விட்டுச் சர்வரின் பெயரும், மூன்றாவது டேப் விட்டுப் போர்ட் எண்ணும் வரும். தனி வரியில் ஒரு புள்ளி வந்தால் மெனு முடிந்தது. வட்டிக்கடைக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பற்றுவரவுக்கும் பக்கத்தில் பேரேட்டுப் பக்க எண்ணைக் குறித்துவைப்பார்களே, செலக்டர் செய்வது அந்த எண்ணின் வேலையைத்தான். தலைப்பு மனிதருக்கு, செலக்டர் சர்வருக்கு.

ஆர்எஃப்சி 1436 வரையறுப்பது கம்பியில் செல்லும் வரியின் வடிவத்தை மட்டுமே. சர்வரின் வட்டில் அந்த மெனு எந்த வடிவில் கிடக்க வேண்டும் என்பதை அது சர்வரை எழுதுகிறவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதனால் ஒவ்வொரு சர்வர் மென்பொருளும் தனக்கென ஒரு சுருக்கெழுத்து முறையை வைத்துக்கொண்டது. எந்தச் சர்வர் வேகமானது, எதில் வசதிகள் அதிகம் என்று பட்டியலிட்டுப் பார்ப்பது இங்கே அவ்வளவாக உதவாது. இந்த அளவுச் சேகரிப்புக்கு எல்லாமே போதுமான வேகம் உடையவை. நான் பார்ப்பது வேறு: இன்னும் சில ஆண்டுகள் கழித்து இந்தக் கோப்பைத் திறந்து ஒரு வரியைச் சேர்க்கப்போகிறவர் யார், அவர் தவறு செய்தால் அந்தத் தவறு அவர் கண்ணுக்குத் தெரியுமா?

இந்த வாசகசாலையில் மூன்று பேர் கை வைப்பார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தமிழ்99 விசைப்பலகையில் தட்டெழுதுகிறார். வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பட்டியல்களையெல்லாம் எக்செல்லில் வைத்திருக்கிறார். நூல் இரவல் கணக்கும் அதில்தான். மூன்றாமவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரப் பொறியாளர். சர்வரை நிறுவித் தருவதும், மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. அன்றாடம் மெனுவைத் தொடப்போகிறவர்கள் முதல் இருவர் என்பதால், மூன்றாமவருக்கு எது சுலபம் என்பதை வைத்து முடிவெடுத்தால் அவர் விடுப்பில் இருக்கும் மாதங்களில் வேலை அப்படியே நின்றுவிடும்.

மிகப் பரவலான முறை கோஃபர்மேப். கேமரன் கைசர் எழுதிய பக்டூத் என்ற சர்வரில் வழங்கிய இம்முறையைப் பிற்பாடு கோஃபர்னிகஸ், மோட்சோக்னிர், பைகோஃபர்டி முதலிய சர்வர்களும் ஏற்றுக்கொண்டன. கோப்புறைக்குள் கோஃபர்மேப் என்ற பெயரில் ஒரு சாதாரண உரைக் கோப்பு இருந்தால், சர்வர் அதையே மெனுவாகக் காட்டும். அதன் இலக்கணம் மிகச் சிறிது. டேப் இல்லாத வரி வெறும் தகவல் வரி. டேப் உள்ள வரி இணைப்பு. சர்வர் பெயரையும் போர்ட்டையும் எழுதாமல் விட்டால் சர்வர் தன்னுடையதை இட்டுக்கொள்ளும். "1ஒன்பது கோயில்கள்" என்று தட்டி, ஒரு டேப் விசையை அழுத்தி, "/2" என்று முடித்தால் ஓர் இணைப்பு தயார். தமிழ் ஒருங்குறியில் எழுதிய அறிமுகப் பத்தியை அப்படியே மேலே ஒட்டிவிட்டால் அது தகவல் வரிகளாக மாறிவிடும். தகவல் வரிக்கான வகை மூல ஆவணத்தில் கிடையாது. பின்னால் வழக்கில் வந்து பெரும்பாலான கிளையண்டுகள் ஏற்றுக்கொண்டது. இன்றைய கோஃபர் மெனுக்களில் அது இல்லாததைக் காண்பது அரிது.

இவ்வளவு எளிய முறையின் ஒரே பெரிய குழி அந்த டேப். டேப் விசையை அழுத்தினால் நான்கு இடைவெளிகளை இட்டுவைக்கும் எடிட்டர்கள் பல உண்டு. நிரல் எழுதுகிறவர்களுக்காக அமைக்கப்பட்டவற்றில் அதுவே பெரும்பாலும் இயல்பு. வாட்சப்பில் அனுப்பிய வரியை நகலெடுத்து ஒட்டினாலும் டேப் தொலைந்து இடைவெளியாக வரக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் சர்வர் அந்த வரியில் டேப்பைக் காணாததால் அதைத் தகவல் வரியாக எடுத்துக்கொள்ளும். வாசகருக்கு "1ஒன்பது கோயில்கள்    /2" என்று எண்ணும் சாய்கோடுமாக ஒரு வரி தோன்றும், அழுத்தினால் எதுவும் நடக்காது. எந்த எச்சரிக்கையும் வராது, எந்தப் பதிவேட்டிலும் பிழை விழாது. லினக்சில் கேட் கட்டளையைப் பெரிய ஏ விருப்பத்துடன் ஓட்டினால் உண்மையான டேப் இருக்கும் இடத்தில் தொப்பிக் குறியும் பெரிய ஐ எழுத்தும் தோன்றும். பொறியாளருக்கு அது போதும். தமிழாசிரியரிடம் அதைச் செய்யச் சொல்வது நியாயமன்று.

கோஃபர்மேப்பிலேயே சர்வருக்குச் சர்வர் சிறு வேறுபாடுகள் உண்டு. கோஃபர்னிகஸ் சில குறிகளை வரியின் தொடக்கத்தில் கண்டால் கட்டளையாகப் படிக்கும்: # வந்தால் அந்த வரி குறிப்புரை, ! வந்தால் மெனுவின் தலைப்பு, - வந்தால் பட்டியலில் மறைக்க வேண்டிய கோப்பு, = வந்தால் வேறொரு கோப்பை அந்த இடத்தில் செருகு, * வந்தால் இத்தோடு நிறுத்திவிட்டு மீதிக் கோப்புறையைத் தானாகப் பட்டியலிடு, தனிப் புள்ளி வந்தால் முடி. நம்மவர்களுக்குத் தலைப்பின் கீழே சிறுகோடுகளை வரிசையாக இழுக்கும் வழக்கமும், முக்கியமானவற்றின் முன் நட்சத்திரம் போடும் வழக்கமும் உண்டு. அந்த அலங்காரங்களை இங்கே கைவிட வேண்டியிருக்கும். சமக்குறியால் கோடு போடுவதும் ஆகாது. அடிக்கோடு தேவையென்றால் அடிக்கோட்டுக் குறியையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி பழைய மின்னசோட்டா முறை. அந்தப் பல்கலைக்கழகத்தின் மூலச் சர்வரில் கோப்புறையே மெனு. கோப்புகளின் பெயர்கள் அப்படியே தலைப்புகளாகக் காட்டப்படும். வேறு தலைப்பு வேண்டுமென்றால், நேம்ஸ் என்ற பெயருடைய, புள்ளியில் தொடங்கும் மறைகோப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் பாதை, பெயர், வரிசை எண் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுத வேண்டும். அல்லது கேப் என்ற மறைகோப்புறைக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு துணைக்கோப்பை வைக்க வேண்டும். வெளிச் சர்வர்களுக்கான இணைப்புகள் லிங்க்ஸ் என்ற மறைகோப்பில் போகும். ஜான் கோர்சன் பைத்தான் மொழியில் எழுதிய பைகோஃபர்டி இவற்றை இன்றும் படிக்கிறது. அந்தச் சர்வர் அதே போர்ட்டில் இணைய உலாவிக்கும் பதில் சொல்லும் என்பது ஒரு தனி வசதி. ஃபயர்ஃபாக்ஸ் 2011இல் தன் நான்காம் பதிப்போடு கோஃபர் ஆதரவை நீக்கிவிட்டதால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்கள் தனிக் கிளையண்டை நிறுவாமலே பார்க்க அது உதவும். ஆனால் ஃப்ளட்கேப் தளம் நடத்துவது போன்ற பொது இடைமுகங்கள் வழியாகவும் உலாவியில் கோஃபரைப் படிக்க முடியும் என்பதால், இந்த ஒரு வசதிக்காகச் சர்வரைத் தேர்வு செய்ய வேண்டிய கட்டாயமில்லை.

இம்முறையின் நியாயம் எனக்குப் பிடிக்கும். புதிய கோப்பைக் கோப்புறைக்குள் போட்டவுடன் அது மெனுவில் தோன்றிவிடும். மெனுவில் சேர்க்க மறந்தோம் என்ற பேச்சே எழாது. டேப் தொல்லையும் கிடையாது. ஒவ்வொரு வரியும் இன்ன புலம் என்று பெயர் சொல்லியே தொடங்குகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மறைகோப்புகள் விண்டோசிலிருந்து கோப்பு அனுப்பும் மென்பொருள்களில் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. பெயர் கொடுக்காத கோப்பு கோப்புப் பெயரோடே தோன்றும். வரிசை எண் கொடுக்காதவை தாமாக வரிசைப்படுத்தப்படும்.

இந்தத் தானியங்கி வரிசை செட்டிநாட்டுப் பொருளுக்குச் சற்றும் ஒத்துவராது. நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் இளையாத்தங்குடியில் தொடங்கி மாத்தூர், வைரவன்பட்டி, நேமம் என்று சொல்லிவருவது வழக்கம். கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்து அகரவரிசையில் விட்டால் இளையாத்தங்குடி, இலுப்பைக்குடி, இரணியூர் மூன்றும் முதலில் வந்து நிற்கும், மாத்தூர் நான்காவதாகும். தமிழிலேயே பெயர் வைத்தாலும் தீராது. ஒருங்குறியில் ன என்ற எழுத்து ந, ப இரண்டுக்கும் நடுவிலும், ற என்ற எழுத்து ர, ல இரண்டுக்கும் நடுவிலும் இருப்பதால், எண் மதிப்பை வைத்து அடுக்கும் மென்பொருளின் வரிசை நம் அகராதியின் வரிசையாக இராது. தமிழாசிரியர் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டார், இருக்கவும் கூடாது. ஆகவே எல்லாவற்றுக்கும் வரிசை எண் எழுதியே ஆகவேண்டும். அப்படி எழுதத் தொடங்கிவிட்டால் "தானாக நடக்கும்" என்ற நன்மையில் பாதி போய்விடுகிறது.

மூன்றாவது, ஜியோமைடே என்ற சர்வரின் ஜிபிஹெச் வடிவம். சி மொழியில் எழுதப்பட்ட சிறிய சர்வர் அது. கோப்புறையில் இண்டெக்ஸ் என்ற பெயரும் ஜிபிஹெச் என்ற பின்னொட்டும் கொண்ட கோப்பை மெனுவாகப் படிக்கிறது. இங்கே இணைப்பு வரி சதுர அடைப்புக்குள் வரும்: [1|ஒன்பது கோயில்கள்|/2|சர்வர்|போர்ட்] என்பது அதன் அமைப்பு. கடைசி இரண்டு இடங்களில் அந்த இரு ஆங்கிலச் சொற்களையே சிறிய எழுத்தில் எழுதிவிட்டால், சர்வர் தன் பெயரையும் போர்ட் எண்ணையும் இட்டு நிரப்பிக்கொள்ளும். மற்ற வரிகள் எல்லாம் தகவல் வரிகள். ஆங்கிலத்தின் சிறிய டி எழுத்தில் தொடங்கும் வரிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு: அந்த முதல் எழுத்தைச் சர்வர் விழுங்கிவிடும். தமிழில் எழுதுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

கண்ணுக்குத் தெரியும் பிரிப்பான் என்பதே இந்த வடிவத்தின் பெருமை. ஒரு கோடு விடுபட்டால் அது விடுபட்டிருப்பது அச்செடுத்துப் பார்த்தாலும் தெரியும். தொலைபேசியில்கூட வாசித்துச் சரிபார்க்கலாம். ஒரே ஆள் எல்லாவற்றையும் எழுதும் இடமாக இருந்தால் நான் இதையே சொல்வேன். ஆனால் தமிழ்99 விசைப்பலகையில் இடச் சதுர அடைப்பு இருக்கும் விசையில் ச என்ற எழுத்தும், வலச் சதுர அடைப்பு இருக்கும் விசையில் ஞ என்ற எழுத்தும் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு இணைப்புக்கும் ஆங்கிலத்துக்கு மாறி அடைப்பைத் திறந்து, தமிழுக்கு வந்து தலைப்பைத் தட்டி, மீண்டும் ஆங்கிலத்துக்குப் போய் இரு சொற்களையும் எழுதி அடைப்பை மூட வேண்டும். பத்து வரிக்குப் பொறுத்துக்கொள்ளலாம். முந்நூறு வாழ்த்து மடல்களுக்கு அது தண்டனை. கோஃபர்மேப்பில் அந்த இடங்களில் வருவன எண்களும் டேப்பும் சாய்கோடுமே. எண்ணும் டேப்பும் எந்த விசைப்பலகையிலும் மாறாதவை; ஆனால் தமிழ்99இல் சாய்கோட்டு விசை ழ என்பதற்குப் போய்விட்டதால், செலக்டருக்காக அங்கும் ஒருமுறை மாறத்தான் வேண்டும்.

ஜிபிஹெச் வேறெங்கும் பெரிதாகச் செல்லுபடியாகாது என்பது இன்னொரு குறை. வாடகைச் சர்வருக்குப் பணம் கட்ட முடியாத நாள் வந்து, எஸ்டிஎஃப் போன்ற பொதுக் கணினிகளில் இடம் கேட்டுப் போனால், அங்கே எதிர்பார்க்கப்படுவது கோஃபர்மேப். வடிவத்தை மாற்றுவது பொறியாளருக்கு அரை மணி நேர வேலைதான். அந்த அரை மணி நேரத்துக்கு அவர் கிடைக்க வேண்டும். கோஃபரின் வரலாற்றிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1993இன் தொடக்கத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் தன் சர்வர் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் பற்றி அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் செர்ன் நிறுவனம் உலகளாவிய வலையின் மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது. மூலக் கோஃபர் சர்வர் பொது உரிமத்தில் வெளிவர 2000ஆம் ஆண்டு ஆனது. ஒரு சர்வரோடு மட்டும் கட்டிப்போடப்பட்ட கோப்புகள் அந்தச் சர்வரின் தலைவிதியையும் பகிர்ந்துகொள்ளும்.

மெனுவை நிரல் ஒன்று அவ்வப்போது உருவாக்கித் தரும் நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இயங்கக்கூடிய கோஃபர்மேப்பைப் பல சர்வர்கள் ஏற்கின்றன. ஜியோமைடேயில் அதற்குத் தனிப் பின்னொட்டே உண்டு. தேடல் வசதிக்கும், நாள்தோறும் மாறும் தகவலுக்கும் அது வேண்டும். வாசகசாலையின் சேகரிப்பு மாதத்துக்குச் சில வரிகள் மாறுவது. நிரல் உடைந்த அன்று மெனு முழுவதும் வெறுமையாகிவிடும். அதைச் சரிசெய்யக்கூடியவர் சிங்கப்பூரில் இருப்பார். வேண்டாம்.

ஐந்தாவது வழியை எந்தச் சர்வரின் கையேடும் தனி முறையாகச் சொல்வதில்லை. ஆனால் இந்த மூவரையும் மனத்தில் வைத்துப் பார்த்தால் அதுதான் முன்னுக்கு வந்து நிற்கிறது. டேப்பால் பிரித்த இரண்டு புலங்களைக் கொண்ட உரைக் கோப்பு என்றால், அது விரிதாளிலிருந்து அப்படியே சேமிக்கக்கூடிய கோப்பு. வங்கி எழுத்தரின் பட்டியல் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது: வகை, தலைப்பு, அலமாரி எண், வரிசை எண் எனத் தனித்தனி நெடுவரிசைகள். இரண்டாம் தாள் ஒன்றில், வகையையும் தலைப்பையும் & குறியால் ஒட்டி முதல் நெடுவரிசையிலும், சாய்கோட்டோடு அலமாரி எண்ணையும் வரிசை எண்ணையும் ஒட்டி இரண்டாம் நெடுவரிசையிலும் சூத்திரத்தால் வரவழைத்துவிட்டால், அந்தத் தாளே மெனு. டேப்பைக் கையால் தட்ட வேண்டியதே இல்லை. விரிதாள் மறக்காமல், இடைவெளியாக மாற்றாமல் அதை இட்டுத் தரும். வரிசையும் அவர் தாளில் வைத்திருக்கும் வரிசையே. தமிழாசிரியர் தலைப்பு நெடுவரிசையில் மட்டும் தட்டெழுதிப் பிழை திருத்துவார்; செலக்டர் பக்கம் அவர் கை போகவேண்டிய தேவையே இல்லை.

இந்த வழிக்கும் தன் பொறிகள் உண்டு. அவற்றை ஒருமுறை கற்றுக்கொண்டு தாளின் மேலே எழுதிவைத்துவிட வேண்டும். எக்செல்லில் டேப்பால் பிரித்த உரை என்ற வடிவத்தில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். யுனிகோட் உரை என்ற வடிவத்தைத் தேர்ந்தால் கோப்பு யுடிஎஃப்-16 என்ற குறியாக்கத்துக்குப் போய்விடும். கோஃபர் சர்வருக்கு அது புரியாது. லிப்ரே ஆபிசில் திறந்து சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது வடிகட்டி அமைப்பைத் திருத்தும் பெட்டியைக் குறித்து, எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8, புலப் பிரிப்பான் டேப், சரப் பிரிப்பான் வெற்று என்று கொடுப்பதே பாதுகாப்பானது. சரப் பிரிப்பானை வெறுமையாக்காவிட்டால் மேற்கோள் குறி உள்ள தலைப்புகளைச் சுற்றி மேலும் மேற்கோள் குறிகள் முளைக்கும். வரியின் முதல் எழுத்து 0 அல்லது 1 ஆக இருப்பதற்குப் பதிலாக மேற்கோள் குறி ஆகிவிட்டால் கிளையண்ட் அதை அறியாத வகை என்று ஒதுக்கிவிடும். கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத பைட் வரிசைக் குறியைச் சேர்க்கும் மென்பொருள்களும் இதே கேட்டை முதல் வரிக்கு விளைவிக்கும்.

எக்செல்லில் செலக்டரை நேரடியாகத் தட்டவேண்டாம் என்று சொல்வதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. சாய்கோட்டை முதல் எழுத்தாக அழுத்தினால் அது கட்டத்துக்குள் போகாமல் மேலே உள்ள கட்டளைப் பட்டையை எழுப்பிவிடும். சாய்கோட்டை விட்டுவிட்டு 2/07 என்று மட்டும் எழுதினால் அது தேதியாக மாறிவிடும். சூத்திரத்தால் வரவழைத்தால் இரண்டும் நேராது. தகவல் வரிகள் இந்தத் தாளில் வரவேண்டுமானால், இரண்டாம் நெடுவரிசை காலியாக இருந்தாலும் ஒரு டேப் ஏற்றுமதியாகிவிடும் என்பதால், அவற்றுக்கு ஆங்கிலச் சிறிய ஐ எழுத்தைக் கட்டாயம் முன்னே சேர்க்க வேண்டும்.

செலக்டர்களை எண்களாக வைக்கச் சொல்வது வெறும் சோம்பலால் அன்று. தலைப்பில் தமிழ் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்; பாதையில் தமிழ் இருந்தால் அதை முகவரியாக எழுதும்போது ஒவ்வொரு எழுத்தும் சதவீதக் குறிகளின் தொடராக நீளும். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தாலோ காரைக்குடிக்கு ஒரு கே எழுத்தா இரண்டு கே எழுத்தா என்ற வழக்கு ஆளுக்கு ஆள் மாறும். மாறிய அன்று இணைப்பு அறும். அலமாரி எண், அதற்குள் வரிசை எண், இறுதியில் வழக்கமான கோப்புப் பின்னொட்டு என்று வைத்தால் வாசகசாலையின் பதிவேடும் சர்வரும் ஒரே எண்ணைப் பேசும்.

தலைப்பின் நீளமும் இங்கே கவனிக்கத்தக்கது. ஆர்எஃப்சி 1436 தலைப்பு 70 எழுத்துகளுக்குள் இருக்கட்டும் என்று அறிவுறுத்துகிறது. எட்டுப் பிட் எழுத்துகளைப் பயன்படுத்துவதானால் லத்தீன்-1 தொகுதியில் உள்ளவையாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ் அந்தக் காலத்துக் கணக்கில் இல்லை. இன்று யுடிஎஃப்-8 எங்கும் செல்லும்; கோஃபர்னிகசில் வெளியீட்டு எழுத்துக் குறியாக்கத்தை அமைக்கத் தனி விருப்பம் உண்டு, அதை யுடிஎஃப்-8 என்று கொடுத்துவிட வேண்டும். ஆனால் நீளத்தை எழுத்தால் அளக்காமல் பைட்டால் அளக்கும் மென்பொருளிடம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "காரைக்குடி இந்து மதாபிமான சங்கம்" என்ற தலைப்பில் நாம் எண்ணும் எழுத்துகள் 17. உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் இடைவெளிகளும் சேர்ந்து அது 90 பைட். 70ஆம் பைட்டில் வெட்டினால் "மதாபிமான" என்பதன் கடைசி எழுத்து நடுவில் அறுபட்டு ஒரு கேள்விக்குறிக் கட்டமாக நிற்கும். 1917இல் தோன்றிய சங்கத்தின் பெயரில் சங்கமே காணாமல் போயிருக்கும். ஆகவே தலைப்பு நெடுவரிசைக்கு அருகில் நீளத்தைக் காட்டும் கட்டம் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. எக்செல்லின் நீளச் சூத்திரம் புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியாகத்தான் எண்ணும். அதை மூன்றால் பெருக்கினால் பைட் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். 23க்கு மேல் போனால் தலைப்பைச் சுருக்க முடியுமா என்று பார்க்கலாம். முடியாதபோது முக்கியமான சொல்லை முன்னால் கொண்டுவரலாம். வருடத்தையும் ஊர்ப் பெயரையும் வரியின் இறுதிக்குத் தள்ளலாம்.

கட்டளைத் திரைக் கிளையண்டுகளில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். லின்க்ஸ் கோஃபரை நன்றாகவே படிக்கும். அது ஓடும் டெர்மினல்தான் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் எழுத்துக்குப் பின்னால் தள்ளி நிறுத்தும். இதை எந்த மெனு வடிவமும் சரிசெய்யாது. நெடுவரிசைகளை இடைவெளிகளால் நேர்ப்படுத்தி அட்டவணை போடும் ஆசையை விட்டுவிட்டால் சேதம் குறைவு. லாக்ரேஞ்ச் போன்ற வரைகலைக் கிளையண்டில் தமிழ் எழுத்துரு இருந்தால் படிப்பதற்குத் தடையில்லை.

இனி முடிவு. சர்வராகக் கோஃபர்னிகசையும் மெனு வடிவமாகக் கோஃபர்மேப்பையும் தேர்வு செய்யலாம் என்பது என் கருத்து. ஆனால் எல்லா மெனுக்களையும் ஒரே விதமாகத் தயாரிக்க வேண்டாம். முதன்மை மெனுவை, அதாவது வரவேற்பு வரிகளும் ஏழெட்டுப் பிரிவுகளும் வெளிச் சர்வர்களுக்கான இணைப்புகளும் கொண்ட அந்த ஒரு கோப்பை மட்டும், பொறியாளர் கையால் எழுதட்டும். அது ஆண்டுக்கு ஒருமுறைகூட மாறாது. வெளி இணைப்புக்கு நான்கு புலங்களும் தேவைப்படும் என்பதால் அவை எல்லாம் அங்கேயே இருப்பது நல்லது. விரிதாளில் இரண்டு நெடுவரிசைக்கு மேல் போகவேண்டாம். கோயில், வாழ்த்து மடல், வீடு, பலகாரம் என ஒவ்வொரு பிரிவிலும் கோஃபர்மேப் மூன்று நான்கு வரிகளே இருக்கும்: தலைப்பு, தமிழாசிரியர் எழுதிய சிறு அறிமுகம், அதன் கீழே = குறியோடு பட்டியல் கோப்பின் பெயர். அந்தப் பட்டியல் கோப்பு வங்கி எழுத்தரின் விரிதாளிலிருந்து வருவது. அதற்கு இயங்கும் அனுமதி கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இயங்கும் கோப்பானால் சர்வர் அதைப் படிப்பதற்குப் பதிலாக ஓட்டிப் பார்க்கும். செருகும் கட்டளை மற்றச் சர்வர்களில் செல்லாமல் போகலாம் என்பது உண்மைதான். மாற வேண்டிய நாளில் ஒவ்வொரு பிரிவிலும் அந்த ஒரு வரியை அழித்துவிட்டுப் பட்டியலை அதன் இடத்தில் ஒட்டினால் எந்தச் சர்வரும் படிக்கும் கோஃபர்மேப் கிடைத்துவிடும்.

புகைப்படக் கோப்புறைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு. வீடு ஒன்றுக்கு நாற்பது படம் என்று குவியும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தலைப்பு எழுதும் பொறுமை யாருக்கும் இராது. அங்கே கோஃபர்மேப்பில் வீட்டைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு * குறியை இட்டு மீதியைச் சர்வரிடம் விட்டுவிடலாம். எண்ணிட்ட கோப்புப் பெயர்கள் எண் வரிசையில் வந்து நிற்பதில் யாருக்கும் மனக்குறை இராது. கோப்புறைக்குத் தமிழ்ப் பெயர் காட்ட கோஃபர்டேக் என்ற சிறு கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

பட்டியலைப் பதிவேற்றிய பிறகு சோதிக்கக் கர்ல் கட்டளையால் மெனுவை அப்படியே இறக்கி, கடைசிப் புள்ளி வரி தவிர ஒவ்வொரு வரியிலும் மூன்று டேப் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் சிறு நிரலைப் பொறியாளர் எழுதி வைக்கலாம். எண்ணிக்கை குறைந்தால் எழுத்தருக்கு ஒரு மின்னஞ்சல் போகட்டும். சர்வர் விட்டுப்போனவற்றை நிரப்பி அனுப்புவதால் இச்சோதனை வட்டில் உள்ள கோப்பின்மீது அல்லாமல் கம்பியில் வரும் மெனுவின்மீது நடக்கவேண்டும். டேப் தொலைந்து தகவல் வரியான இணைப்பை இது பிடிக்காது; அதைப் பிடிக்க, தகவல் வரிகளில் எண்ணில் தொடங்குபவற்றைத் தனியே எடுத்துக் காட்டச் சொல்லலாம்.

விரிதாளைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் பொறுப்பிலிருந்து விலகி, அவர் இடத்துக்கு நிரல் எழுதப் பழகிய இளைஞர் ஒருவர் வந்தால் என் பரிந்துரை மாறும். அப்போது ஜியோமைடேயும் ஜிபிஹெச்சும் அவருக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டு நெடுவரிசைப் பட்டியலைச் சதுர அடைப்புக்குள் கொண்டுபோவது அவருக்கு ஒரு மாலை நேர வேலை. அதுவரை அந்த எக்செல் தாளை நகலெடுத்து வேறோர் இடத்திலும் வைத்திருக்கட்டும்.